ஒட்டுப்பாலின் மங்கு

குடித்த டீக் குவளையைக் கழுவி வைக்கவில்லை என்று சண்டை போடுகிற ஆபீஸ்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கழுவி வைத்துவிட்டான் என்பதற்காகச் சண்டை போட்டு, ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன மனிதனைப் பேராக் மாநிலம் முழுக்கத் தேடினாலும், ஏன், தாய்லாந்து எல்லையிலிருந்து ஜொகூர் பாலம் வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும், ஒருவனைத்தான் காண முடியும். அவன் பெயர் ஒட்டுப்பால். கழுவிய பாவி நான்.

அந்தக் குவளை இப்போது என் கண்ணெதிரே இருக்கிறது. அண்மையில்தான் எங்கள் பழைய ஆபீஸ் மாடியைக் காலி செய்தோம். மேசை, நாற்காலி, ஒயர், உடைந்த பிரிண்டர் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. இந்த ஒன்றை மட்டும் யாரும் தொடவில்லை. ஒட்டுப்பால் ஜொகூருக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன ஒரே பொருள் இது. எதையும் மறக்காத மனிதன் ஒன்றை விட்டுப் போனால், அதை எடுக்க ஒரு நாள் வருவான் என்றுதானே அர்த்தம்? நான் அப்படித்தான் இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஐசியில், அதாவது அடையாள அட்டையில், அவனுக்கு அழகான சாமி பெயர் ஒன்று உண்டு. சம்பள நாளில் மட்டும் அதை உபயோகிப்போம். ரப்பர் மரத்தைச் சீவிப் பாலை வாளியில் சேர்த்த பிறகும் கொஞ்சம் பால் வடிந்து, வெட்டிய கோட்டிலும் கோப்பையின் அடியிலும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அதுதான் ஒட்டுப்பால். அதையும் விடாமல் உரித்துக் கூடையில் போட்டால் காசாகும். என் அம்மாவும் அவன் அம்மாவும் தோட்டத்தில் உரித்தவர்கள்தான். இவன் கம்ப்யூட்டரில் உரித்தான். யாரோ எப்போதோ எழுதிப் போட்டுவிட்டுப் போன பழைய புரோகிராம் எதைக் கண்டாலும், ‘இதுல இன்னும் பால் இருக்கு மச்சான்’ என்று எடுத்து வைத்துக்கொள்வான். பெயர் வைத்தது சாந்தி அக்கா. ஆபீஸில் கணக்கு, கடிதம், பூஜை, பஞ்சாயத்து எல்லாம் அவர்தான்.

ஆபீஸ் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஈப்போவில் புந்தோங் போகிற வழியில் ஒரு டயர் கடை. அதற்கு மேல் மாடி. கீழே டயர் கழற்றுகிற மெஷின் வீறிட்டால் மேலே எங்கள் டீயில் அலை அடிக்கும். முதலாளி சீனர், தவுக்கே என்றே கூப்பிடுவோம். நான்கு மொழி பேசுவார், மூன்றில் கோபப்படுவார், தமிழில் மட்டும் சிரிப்பார். ரப்பர் ஆலைகளுக்கும் எண்ணெய்ப்பனை ஆலைகளுக்கும் புரோகிராம் செய்து கொடுப்பது எங்கள் தொழில். என் வேலை, ஆலைக்காரர்கள் தருகிற திட்டுகளை வாங்கி, ஒன்றும் சிந்தாமல் ஒட்டுப்பாலிடம் கொண்டுவந்து சேர்ப்பது.

ஆலை புரோகிராமின் வயிறு ‘சி’ என்கிற பழைய மொழியில் இருந்தது. எழுதியவர் நாங்கள் வருவதற்கு முன்பே வேலையை விட்டுப் போய்விட்டார். லாரியில் வருகிற பாலில் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று சரியாகச் சொல்லிவிடும். தவுக்கேக்கோ புதுத் திரை வேண்டும், கலர் வேண்டும், கைப்பேசியில் தெரிய வேண்டும். அதெல்லாம் ‘பைத்தான்’ என்கிற புது மொழியில் சுலபம். கணக்கையும் அதிலேயே புதிதாக எழுதிவிடலாமே என்றோம். ஒட்டுப்பால் ஒத்துக்கொள்ளவில்லை.

“நல்லா வேலை செய்யிறவன எதுக்கு எழுப்பி வெளிய அனுப்பணும்? அவன் வீட்டுலயே இருக்கட்டும். நாம இங்கேருந்து கூப்பிட்டுக் கேட்டுக்குவோம்லா” என்றான்.

ஒரு மொழிக்குள் உட்கார்ந்துகொண்டு இன்னொரு மொழியில் இருப்பவனை வேலை வாங்குவது என்பது இதுதான். அவன் சொன்னபடியே சொல்கிறேன். சி ஒரு வீடு, பைத்தான் பக்கத்து வீடு. நடுவில் சுவர். சுவரில் ஒரு ஜன்னல் வைக்கலாம். ஆனால் ஜன்னல் வழியாகக் கொடுக்கும்போது, நான் தருவது என்ன, நீ திருப்பித் தரப்போவது என்ன என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டுக்காரன் கேள்வி கேட்க மாட்டான். அரிசி என்று சொல்லிவிட்டு உப்பைக் கொடுத்தால், உப்பையே உலையில் போடுவான். அப்புறம் இன்னொன்று. அந்த வீட்டுக்காரன் தன் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்த சாமானை அந்த வீட்டுக்காரன்தான் திரும்ப எடுத்து வைக்க வேண்டும். உதவி செய்கிறேன் பேர்வழி என்று இந்த வீட்டுக்காரன் எடுத்து வைத்தால், இரண்டு வீடும் சேர்ந்து விழும். எடுத்தவனே வைக்கணும். இதை ஒட்டுப்பால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வான்.

சொல்வதோடு நின்றிருந்தால் அவனைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது. அவன் அதை வாழ்ந்தான்.

எதிர்ச்சாரியில் பாய் கடை. சாயங்காலம் நானும் அவனும் அங்கேதான் தேத்தண்ணி குடிப்போம். அவனுக்கு இனிப்பு ஆகாது, பாலும் பிடிக்காது. ஆனால் போன புதிதில் வெறுமனே ‘ஒரு தே’ என்று கேட்டுவிட்டு, பாய் நுரை பொங்க ஆற்றிக் கொடுத்த சீனிப் பாகை மாதக்கணக்கில் மருந்து மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தான். ‘சீனி வேணாம்னு வாயத் தொறந்து சொல்லேன்டா’ என்றதற்கு, ‘நான் தேதான் கேட்டேன், அவரு தே கொடுத்தாரு, அவரு மேல என்ன குத்தம்’ என்றான். பிறகு ஒரு வாரம் பாய் கிளாஸ், பால், சீனி என்று எந்த வரிசையில் கை நீட்டுகிறார் என்று கவனித்தான். அதன்பின் அவன் ஆர்டர் செய்வதைப் பார்க்கவே கூட்டம் கூடும். “பாய், ஒரு தே. பெரிய கிளாஸ். பால் இல்ல. சீனி இல்ல. சூடா. அவ்வளவுதான்.” இந்த வரிசை மாறாது. ‘அவ்வளவுதான்’ என்ற சொல் காதில் விழும்வரை பாய் கையை அசைக்க மாட்டார்.

ஒரு நாள் ‘சூடா’ என்பதற்கும் ‘அவ்வளவுதான்’ என்பதற்கும் நடுவில் அவனுக்கு இருமல் வந்துவிட்டது. சாதாரண இருமல் இல்லை, உள்ளே இருக்கிற குடும்பமே வெளியே வந்துவிடும்போல ஒரு இருமல். பாய் கையில் கிளாஸோடு சிலையாக நின்றார். பின்னால் ஆட்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். பாய் குனிந்து, நோயாளியிடம் கேட்கிற குரலில், “முடிஞ்சிருச்சா தம்பி, இன்னும் இருக்கா?” என்று கேட்டார். அன்றிலிருந்து அவன் எப்போது ஆர்டர் செய்தாலும் கடைசியில் பாய் அதைக் கேட்காமல் விடமாட்டார்.

அதே பாய் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தத் தம்பியைத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு நடை கூட்டிப் போய் டாக்டரிடம் காட்டினால் என்ன என்று ரகசியமாகக் கேட்டார். சேதியைச் சேர்ப்பது என் தொழில் ஆயிற்றே, சேர்த்தேன். ஒட்டுப்பாலுக்குக் கோபமே வரவில்லை. போகலாம், ஆனால் டாக்டரிடம் என்ன கேட்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தப்பான பதில்தான் வரும் என்றான்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியது கோப்பெங்கில்.

கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் ஆலைக்குப் புதுத் திரையைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். ஆலை மேனேஜர் போன் செய்தார். முதல் லாரியில் வந்த பாலில் இருக்கிற ரப்பர், நாட்டில் உள்ள மரத்தையெல்லாம் சேர்த்துச் சீவினாலும் வராத அளவுக்கு இருப்பதாகத் திரை சொல்கிறதாம். அவர் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த லாரி வந்ததாம். அதில் ரப்பர் சைபருக்கும் கீழே. அதாவது ஆலைதான் அந்த லாரிக்காரருக்கு ரப்பர் கொடுத்தனுப்ப வேண்டும். மேனேஜர் இதைச் சொன்ன விதத்தை அச்சில் போட முடியாது. நான் ஒரு சொல் விடாமல் ஒட்டுப்பாலிடம் சேர்த்தேன்.

அவன் திரையைப் பார்த்தான். ஜன்னல் வழியாகத் திரும்பி வரப்போவது தசம எண் என்று பைத்தானிடம் சொல்ல மறந்திருக்கிறான். சொல்லாவிட்டால் அது முழு எண் என்று தானாக நினைத்துக்கொள்ளும். சி மொழிக்காரன் சரியான விடையை ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்; பைத்தான் போய் வேறொரு தட்டில் கிடந்த குப்பையை அள்ளிக்கொண்டு வந்து திரையில் கொட்டியிருக்கிறது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் தானே மறந்த ஒரு வரி.

வரியைச் சேர்ப்பதற்கு இருமுகிற நேரம்கூட ஆகவில்லை. ஆனால் மன்னிப்பை போனில் கேட்க மாட்டேன் என்றுவிட்டான். என் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேரும் கோப்பெங் போனோம். மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்டான். பால் சோதிக்கிற அக்காவிடம் கேட்டான். முதல் லாரிக்காரரிடம் கேட்டான். இரண்டாவது லாரிக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து, பல் குத்தி முடிக்கும்வரை காத்திருந்து அவரிடமும் கேட்டான். அந்த மனிதருக்கு எதற்கு என்றே விளங்கவில்லை. தன் மகளைப் பெண் கேட்டு வந்திருக்கிறான் என்று நினைத்து ஊர், உறவெல்லாம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

இந்த மன்னிப்பு ஊர்வலம் நடந்துகொண்டிருந்தபோது நான் ஆலைக்குப் பின்னால் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். ஸ்டோர் சுவரோரம் பழைய பால் மங்குகள் குவிந்து கிடந்தன. மங்கு என்றால், மரத்தில் கட்டிவிட்டுப் பால் பிடிக்கிற கோப்பை. இப்போதெல்லாம் பிளாஸ்டிக். இவை பழைய காலத்துப் பீங்கான். ஜாகா அண்ணனிடம், அதாவது வாசல் காவல்காரரிடம், ஒன்று எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். குப்பைதானே, லாரி வைத்தே எடுத்துப் போ என்றார். பேனா வைக்கலாம் என்று ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

கிளம்பும்போது மழை. ஜாகா அண்ணன் பெரிய மனது பண்ணி ஒரு குடையை விரித்துக் கொடுத்தார். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து குடை பிடித்துக்கொண்டு வருவது என்பது ஒட்டுப்பாலுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை. சிம்பாங் பூலாயில் காற்று குடையைத் திருப்பிவிட்டது. அதன்பிறகு அது மழையைத் தடுக்காமல், சேகரித்து எங்கள் தலையில் ஊற்றியது. ‘மூடித் தொலைடா’ என்று கத்தினேன். விரித்தவர் அவர், மூடுகிற உரிமை நமக்கு உண்டா என்று பின்னால் யோசித்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் குடைக்கம்பிகளை நிமிர்த்தினான். அந்த வார சனிக்கிழமை, மண்டை பிளக்கிற வெயிலில், தன்னந்தனியாகக் கோப்பெங் வரைக்கும் போய்க் குடையைத் திருப்பிக் கொடுத்தான். ஜாகா அண்ணனுக்கு அவனையும் நினைவில்லை, குடையையும் நினைவில்லை. திரும்பி வரும்போது பிடித்தது பாருங்கள் மழை, முந்தின மழைக்குத் தாத்தா. திங்கட்கிழமை தும்மிக்கொண்டே வந்தான். அதே குடையை மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கலாமே என்றேன்.

“வாங்கினா, மறுபடியும் போய்க் கொடுக்கணும்லா” என்றான்.

நான் கொண்டுவந்த மங்கில் என் பேனாக்கள் இரண்டு நாள்தான் இருந்தன. மூன்றாவது நாள் காலையில் பேனாக்கள் மேசையில் வரிசையாகப் படுத்திருந்தன; மங்கில் ஒட்டுப்பால் டீ குடித்துக்கொண்டிருந்தான். அடி உருண்டையான கோப்பை அது, தானாக நிற்காது. அதற்கென்று கம்பியை வளைத்து ஒரு வளையம் செய்து, அதில் நிறுத்தியிருந்தான். பேனாவுக்கு ஒரு பால் டின் போதும். அவன் இரண்டு கையாலும் மங்கை ஏந்தி, கண்ணை மூடிக் குடிக்கிற அழகைப் பார்த்த யாருக்கும் திருப்பிக் கேட்க மனம் வராது.

ஒரு சாயங்காலம் என் குவளையைக் கழுவும்போது, பக்கத்தில் இருந்த மங்கையும் கழுவி அலமாரியில் வைத்தேன். நல்ல எண்ணம்தான். அவன் வந்தான். மேசையில் மங்கு இல்லை. அலமாரியில் இருக்கிறது, ஈரம் சொட்டுகிறது.

“இன்னிக்குக் காலையில அலமாரியிலேருந்து எடுத்தது நான். நான் வைக்கப் போறப்ப அது ஏற்கனவே வெச்சிருந்தா, நான் எத வைக்கிறது?”

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கழுவிய மங்கை எடுத்து, தன் கடமையாக மறுபடி கழுவினான். சோப்பு வழுக்கி, மங்கு கழுவுதொட்டியில் விழுந்து, விளிம்பில் ஒரு சில்லு போயிற்று. ‘ரெண்டு தடவ வெச்சா இதான் நடக்கும்’ என்று சில்லைப் பார்த்துச் சொன்னவன், அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டான். எங்களுக்கு நடுவில் சாந்தி அக்காவின் மேசை. அவன் சொல்வதை அக்கா என்னிடம் சொல்ல வேண்டும், நான் சொல்வதை அவனிடம் சொல்ல வேண்டும். ஒரு வாரம் பொறுத்த அக்கா, ‘நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஜன்னலா’ என்று கேட்டு, என் நாற்காலியை இழுத்துப் போய் அவன் மேசைக்குப் பக்கத்தில் போட்டார். அதன்பிறகு நாங்கள் தள்ளி உட்காரவே இல்லை.

சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை. அப்போது தெரியவில்லை. கீழே டயர் மெஷின் கத்துகிறதே என்று நான் சலித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தவுக்கேயின் மருமகன் கோலாலம்பூரிலிருந்து வந்தார். இரண்டு மொழி, நடுவில் ஜன்னல், இதெல்லாம் எதற்கு, முழுவதையும் ஒரே மொழியில் எழுதிவிடலாம் என்றார். அவருடைய ஆட்கள் எழுத ஆரம்பித்தார்கள். ஒட்டுப்பால் எதிர்த்துப் பேசுவான் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். கேட்காததற்குச் சொல்லவில்லை. புது புரோகிராம் ஒரு நாள் படுத்துவிடும், தவுக்கே நான்கு மொழியிலும் அழுதுகொண்டு வந்து இவன் கையைப் பிடிப்பார் என்று நான் உள்ளூர ஆசையோடு காத்திருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. புது புரோகிராம் நன்றாகவே ஓடியது. இன்றைக்கும் ஓடுகிறது. சுவர் போய்விட்டது, சுவர் போன வீட்டில் ஜன்னல் வைக்கிறவனுக்கு என்ன வேலை?

ஜொகூரில், பழைய புரோகிராமைக் கட்டிக்கொண்டு அழுகிற ஒரு கம்பெனி அவனைக் கூப்பிட்டுக்கொண்டது. அவன் கிளம்பிய நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தான் கொண்டுவந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தான். நாற்காலி மெத்தை. சப்பாத்து வைக்கிற பலகை. படிக்கட்டில் அவன் வைத்திருந்த கறிவேப்பிலைத் தொட்டி. காலண்டர் மாட்டுவதற்காக அவன் அடித்திருந்த ஆணியைப் பிடுங்கி, அந்தத் துளைக்குச் சாந்து பூசி, காயும்வரை ஊதினான். கம்பி வளையம் அவன் செய்தது. அதையும் பையில் போட்டுக்கொண்டான். போகும்போது படிக்கட்டில் நின்று ஒரு தடவை மாடியை ஏறிட்டுப் பார்த்தான். “வாரேன் மச்சான்” என்றான். அவ்வளவுதான். ஒட்டுப்பால் என்ற பெயரை மட்டும் விட்டுவிட்டுப் போனான். அது நாங்கள் வைத்தது.

அவன் போன பிறகுதான் பார்த்தேன். வளையம் இல்லாமல், அலமாரியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மங்கு உட்கார்ந்திருந்தது. ஆணியைப் பிடுங்கியவன் மங்கை மறப்பானா? எனக்குச் சட்டென்று ஆறுதலாக இருந்தது. இது அடையாளம். எடுத்தவன் வைக்க வருவான். யாரிடமும் சொல்லவில்லை. சுற்றிலும் தூசி துடைப்பேன், மங்கைத் தொட மாட்டேன். சாந்தி அக்காவும் தொட மாட்டார். சில்லு போன விளிம்பு அவர் மனதிலும் இருந்தது.

அவனுக்கு போன் செய்தால் எடுப்பான். அவனாக ஒரு நாளும் செய்ததில்லை. கூப்பிடப்படுகிறவன் திருப்பிக் கேள்வி கேட்கக்கூடாது என்பதும் அவன் சட்டங்களில் ஒன்று. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுவான். ‘சாப்பிட்டியா?’ ‘ஆச்சு.’ ‘அங்க மழையா?’ ‘இல்ல.’ ‘வேலை எப்படி?’ ‘பழசு, நல்லா இருக்கு.’ கேள்வி தீர்ந்தால் அவனும் தீர்ந்தான். ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்டதே இல்லை. திரும்பி வருவியா என்று கேட்டால் ஏதாவது ஒரு பதில் வந்துவிடும். கேட்காதவரை மங்கு அலமாரியில் இருக்கிறது, அவன் வரப்போகிறான். பாய் கடையில் என் டீயைச் சொல்லிவிட்டு, என்னை அறியாமல் ‘அவ்வளவுதான்’ என்பேன். பாய் அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஆற்றுவார். பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதை அவரும் பார்ப்பார்.

இந்த நிலையில்தான் ஆபீஸ் மாறியது. ஊருக்கு வெளியே கண்ணாடிக் கட்டடம், லிப்டு உண்டு, டயர் மெஷின் கிடையாது. மிச்சம் இருக்கிற எதையும் குப்பை லாரி எடுத்துப் போகும் என்று தவுக்கே சொல்லிவிட்டார். சாந்தி அக்கா அலமாரியைக் காட்டி, “தம்பி, நான் அத தொடமாட்டேன்பா. லாரி வர்றதுக்கு முன்னாடி ஒட்டுப்பால்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருங்க” என்றார்.

படிக்கட்டில் போய் நின்று போன் செய்தேன்.

“மச்சான், மாடிய காலி பண்றோம்.”

“ம்.”

“உன் மங்கு இருக்கு.”

மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்ட அதே பொறுமையான குரலில் சொன்னான்.

“என் மங்கு இல்ல மச்சான். கோப்பெங்ல குவியலேருந்து எடுத்தது நீ. நான் அதுல குடிச்சேன், அவ்வளவுதான். எடுத்தவன் நீ. நீதான் வைக்கணும்.”

கீழே டயர் மெஷின் வீறிட்டது. நல்லவேளை. நான் மூக்கை உறிஞ்சியது அவனுக்குக் கேட்டிருக்காது. இத்தனை காலமாக நான் அடையாளம் என்று நினைத்தது அடையாளம் இல்லை. அவன் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. திரும்பி வருவதற்காக ஒரு துரும்பைக்கூட வைக்கவில்லை. தன்னுடையதை எடுத்துக்கொண்டான், என்னுடையதை என்னிடம் விட்டான். அவன் கணக்கு சரி. எப்போதும்போல அவன் கணக்கு சரியாக இருந்ததில் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. குடையைத் தூக்கிக்கொண்டு கோப்பெங் போகத் தெரிந்தவனுக்கு, எனக்காக ஒரு மங்கை மறந்து வைத்துவிட்டுப் போகத் தெரியவில்லையே.

“எப்ப வைக்கணும்?” என்று கேட்டேன்.

“தேவை முடிஞ்ச பிறகு” என்றான். “அதுக்கு முன்னாடி வெச்சிராத மச்சான். இன்னும் தேவை இருக்கப்ப வெச்சா, அப்புறம் கை நீட்டுற இடத்துல ஒண்ணும் இருக்காது. எல்லாம் விழுந்திரும்.”

அவ்வளவுதான், வைத்துவிடுவான் என்று காதிலிருந்து போனை எடுக்கப் போனேன். வைக்கவில்லை. அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. யாரோ ஒருவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது, ஐசியில் இருக்கிற பெயர். அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை.

“பாய் இன்னும் கேக்கிறாரா?” என்றான்.

ஜொகூர் போன பிறகு அவன் பக்கத்திலிருந்து வந்த முதல் கேள்வி அதுதான். எதைக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. அந்த ‘முடிஞ்சிருச்சா தம்பி, இன்னும் இருக்கா’தான். தெரியும். நீ இல்லாமல் யாரிடம் கேட்பார் என்று சொல்ல வாய் வந்தது. ‘கேக்கிறாரு மச்சான்’ என்று பொய் சொன்னேன். ‘ம்’ என்றான். அந்த ‘ம்’ வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளம். பிறகு வைத்துவிட்டான்.

லாரி வந்தது. சாந்தி அக்கா பார்க்க, மங்கை எடுத்துச் சட்டையில் துடைத்து, என் மடியில் வைத்துக்கொண்டு புது ஆபீஸ் வந்து சேர்ந்தேன். ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். நிற்காமல் சாய்ந்தது. ஒரு கம்பி தேடி வளைத்து வளையம் செய்தேன். அவன் செய்ததுபோல வரவில்லை, இருந்தாலும் நிற்கிறது. பேனா வைக்கவில்லை. இங்கே புதிதாகச் சேர்ந்தவர்கள், இது எதற்கு, இதற்கு இன்னும் என்ன தேவை என்று கேட்கிறார்கள்.

இன்னும் இருக்கு, மச்சான்.